கத்தக்கூடாத ஏழு நாள்

அந்த ஊரில் ஏழு நாள் இருந்தேன். கிழக்கு எது, மேற்கு எது என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

தக்கலையில் என் கண்ணைக் கட்டி நாலு சுற்று சுற்றி விட்டாலும் திசை சொல்லிவிடுவேன். மலை வடக்கே, கடல் தெற்கேயும் மேற்கேயும், ஆடிக்காற்று ஆரல்வாய்மொழி வழியாக வெளியே போகும். அவ்வளவுதான் கணக்கு. துருக்கியின் அந்தக் கடற்கரை ஊரிலோ சூரியன் காலையில் கடலுக்குள்ளிருந்து எழும்பி வந்தது, என் கணக்கில் கடல் இருக்கக்கூடாத பக்கம். சாயங்காலம் நாலரை மணிக்கே மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மூன்று பக்கமும் மலை. மிச்சம் இருக்கிற ஒரு பக்கம் கடல். அந்தக் கடலில் அலை கிடையாது. ஏற்றமும் வற்றமும் கிடையாது. முதல் நாள் கரையில் நின்று பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இதென்ன கடலா, குளமா?"

"உப்பு இருக்கு," என்றார் அவர். வாயில் ஒரு துளி வைத்துப் பார்த்திருந்தார்.

தேங்காய்ப்பட்டணத்தில் கரையில் சும்மா நின்றாலே கடல் முழங்காலைப் பிடித்து இழுக்கும். இங்கே கணுக்கால் அளவுத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதைப் பார்க்க ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்கள் பணம் கட்டி வந்து, அதைப் பார்க்காமல் கண்ணை மூடி வெயிலில் கிடந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கத்தவில்லை. கத்தக்கூடாது என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

நான் தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள். என் வாய் அந்த ஆபீஸில் பிரசித்தம். பொய் வருமானச் சான்றிதழ் கேட்டு வருகிறவனை அவன் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே கண்டுபிடித்து, வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆளைப் பார்த்தால் ஆளைத் தெரியும் எனக்கு. அப்படி ஒரு நினைப்பு. என் வீட்டுக்காரர் பெயின்ட், ஆணி, பைப் விற்கிற கடை வைத்திருக்கிறார். அவருக்கு வாய் குறைவு, ஒரு வீட்டில் ஒரு வாய் போதும் என்று விட்டுவிட்டார். எங்களுக்கு ஒரே மகள். ஜெர்மனியில் நர்ஸ்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருந்தோம். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் சொல்லலாம் என்று. ரெண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அடுப்படியில் வந்து நின்று, "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். சொல்லவில்லை. பையன் நல்ல பையன், வேலை நல்ல வேலை, பத்திரிகை கொடுத்து முடிந்தாயிற்று. நான் கத்தின கத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வந்தார்கள். என்னென்ன சொன்னேன் என்று எல்லாம் நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. "நீ என் வயித்தில பொறந்தவ இல்ல. எங்கயாவது போய்த் தொலை."

போனாள். ஜெர்மன் மொழி படித்தாள், விமானம் ஏறினாள், அதன் பிறகு ஊருக்கு வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டாச்சா, மழை உண்டா, அப்பாவுக்கு சுகர் எப்படி. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

போன வருஷம் திடீரென்று சொன்னாள். "நீயும் அப்பாவும் வாங்க. மூணு வாரம். அதில ஒரு வாரம் கடற்கரைக்குப் போலாம். துருக்கியில. லீவு போட்டிருக்கேன்."

"கடல் இஞ்ச இல்லையா, மக்ளே?"

"அம்மா, கேளு. ஒரு ஆளைப் பற்றி உன்கிட்ட சொல்லணும். அங்க வச்சு, கடைசி நாள் சொல்லுவேன். ஆனா நீ கத்தக்கூடாது. கத்தினா, சத்தியமா, நான் இனி ஊருக்கு வரமாட்டேன். போனும் பண்ணமாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள். அந்த விஷயத்தில் என் மகள்தான். கத்தமாட்டேன் என்று சொன்னேன்.

போனை வைத்ததும் அடுப்படிக்குப் போனேன். ஒரு ஆள்! முப்பத்துமூன்று வயசில் ஒரு ஆள் கிடைத்திருக்கிறானே, கடவுளுக்கு ஸ்தோத்திரம்! எவனாக இருந்தால் என்ன, வெள்ளைக்காரனாக இருந்தால் என்ன. பயறு வறுத்தேன், பொடித்தேன், தேங்காயும் எள்ளும் வறுத்துப் போட்டு, பாகு காய்ச்சி, மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து மாவில் முக்கிப் பொரித்தேன். முந்திரிக்கொத்து. அறுபது கொத்து. பெரிய எவர்சில்வர் டப்பா நிறைந்தது.

முந்திரிக்கொத்து எதற்கென்றால், எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வருகிறவர்கள் சாயா குடிக்கலாம், மிக்சர் தின்னலாம், பேசலாம், சிரிக்கலாம். இனிப்பை மாத்திரம் சம்மதம் என்றால்தான் வாயில் வைப்பார்கள். தொடாமல் எழுந்தால் இல்லை என்று அர்த்தம். வாய்விட்டுச் சொல்லி ஒருத்தரை ஒருத்தர் நோகடிக்க வேண்டாமே. அந்த நின்றுபோன சம்பந்தத்துக்கும் நான்தான் செய்தேன். அவர்கள் எட்டுப் பேர் வந்து எட்டுப் பேரும் தின்றார்கள். சரி, அதை விடு.

ஜெர்மனியில் விமான நிலையத்துக்கு மகள் வந்தாள். மெலிந்திருந்தாள். கூடவே இன்னொரு பெண். "இவ என் கூட்டுக்காரி அம்மா. என்கூட வேலை பாக்கா," என்றாள். பாறசாலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் வீடாம். தக்கலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், அந்தப் பிள்ளையை ஜெர்மனியில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது! குட்டையான, உருண்டு திரண்ட பிள்ளை. என் கையிலிருந்த பையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டது. அவள் பேசுகிற மலையாளம் எனக்கும் நான் பேசுகிற தமிழ் அவளுக்கும் அப்படியே புரிந்தது. மகளுக்கு நல்ல சிநேகிதி கிடைத்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

மகள் வீட்டில் ஒரே ஒரு படுக்கையறை. அதை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் ரெண்டு பேரும் ஹாலில் படுத்தார்கள். வாடகை அதிகம், சேர்ந்து இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்ததும் அந்தக் கூட்டுக்காரி ஓடி வந்தாள்.

"அய்யோ! முந்திரிக்கொத்தோ அம்மே? இது கண்டிட்டு எத்ர வருஷமாயி!"

கையை உள்ளே விட்டாள். நான் பட்டென்று அந்தக் கையில் ஒரு அடி வைத்தேன்.

"ஏட்டி, அது வேற ஆளுக்கு!"

விளையாட்டாகத்தான். ஆனால் அடி கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. அவள் கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள். என் மகள் சிரிக்கவில்லை. "ஒண்ணு குடுத்தா என்ன அம்மா?" என்றாள். "எண்ணி வச்சிருக்கேன், மக்ளே. காரியம் முடியட்டும், பொறவு எல்லாரும் தின்னலாம்." என் மகள் பால்கனிக்குப் போய் நின்றாள். எனக்கு அது கோபமா, குளிரா என்று தெரியவில்லை.

பிறகு துருக்கி. விமானத்தில் எங்களுக்கு முன் சீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் கிழவியும். எங்கள் பக்கம் வெள்ளைக்காரனை சாயிப்பு என்போம், அவன் பெண்டாட்டி மதாம்மா. இறங்கி பஸ் ஏறினால் பஸ்ஸிலும் அவர்கள். ஓட்டலில் எங்களுக்கு அடுத்த அறை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போனால் அடுத்த மேஜை. மதாம்மா கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு என் மகளைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குள் மணி அடித்தது.

எங்கள் ஊரில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஒரு வருகை உண்டு. யாரும் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். வீடு வாடகைக்குக் கேட்கிற மாதிரி வருவார்கள், பக்கத்துச் சாயாக்கடையில் வழி கேட்கிற மாதிரி நிற்பார்கள். பெண் எப்படி, அம்மா எப்படி, வாய் எப்படி என்று பார்த்துவிட்டுப் போவார்கள். என் நாத்தனார் மகனுக்குப் பெண் தேடியபோது நானே தேங்காய் வாங்கப் போகிறவள் போல ஒரு வீட்டுக்குள் போய் அடுப்படிவரை பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஓகோ, வெள்ளைக்காரனுக்கும் இந்த வழக்கம் உண்டு போலிருக்கிறது!

அறைக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பையனுக்க அப்பனும் அம்மையும் வந்தாச்சு. நம்மளப் பாக்கத்தான் வந்திருக்கு. கண்டுக்காத மாதிரி இருங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "கையில கட்டின இந்தப் பச்சை வாரை எப்போ அறுக்கணும்?" என்று கேட்டார். ஓட்டலில் எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் கட்டுகிற மாதிரி மணிக்கட்டில் ஒரு வார் கட்டிவிட்டிருந்தார்கள். அது இருந்தால் எந்த நேரமும் எதையும் தின்னலாமாம். அதுவும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் சபை அசன விருந்தில்கூடப் பந்தி முடிந்தால் எழும்ப வேண்டும். இங்கே பந்தி முடிவதே இல்லை, பரிமாற ஆளும் இல்லை.

மறுநாள் காலை சாயிப்பு தானே வந்து பேச்சுக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த ஆபீஸ் இங்கிலீஷில் நானும் பேசினேன். மகள் வேலை பார்க்கிற அதே நகரந்தான் அவர்களுக்கும். போனை எடுத்துப் படம் காட்டினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட மகன். டாக்டர்! இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் அறைக்கு ஓடிப்போய் டப்பாவை எடுத்து வந்தேன். நாலு கொத்தை ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். மதாம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். சாயிப்பு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரெண்டு பேரும், என் கண் முன்னால், வாயில் வைத்துக் கடித்தார்கள்!

கடினமாக இருந்தது போலும், மதாம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் விழுங்கினாள். "குட், குட்," என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டப்பாவை அப்படியே தூக்கி அவர்கள் கையில் கொடுத்துவிட்டேன். அவர்கள் பதிலுக்கு எனக்கு வெயிலுக்குப் பூசுகிற களிம்பு ஒரு குப்பி கொடுத்தார்கள். சீர் போலிருக்கிறது என்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ரெண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. என் மகளும் கூட்டுக்காரியும் தண்ணீரில் கிடந்தார்கள். வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக் கரையோரமாக நடந்தார். சாப்பாட்டு மேஜையில் கூட்டுக்காரி மீனில் முள் எடுத்து என் மகள் தட்டில் வைப்பாள். என் மகள் அதைப் பார்க்காமலே எடுத்துத் தின்பாள். பொறுப்பான பிள்ளை என்று நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ம்," என்றார்.

நாலாம் நாள் எனக்கு ஒரு பயம் பிடித்தது. ஓலை ரெண்டு வாசித்து நின்ற கதையை இவர்களிடம் மறைத்துப் பெண்ணைக் கொடுத்தோம் என்று பிறகு வந்தால்? வேறு யாராவது சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. என் இங்கிலீஷ் அதற்குக் காணாது. மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து, கூட்டுக்காரியைக் கூப்பிட்டேன். "நீ அவங்களுக்க பாஷையில சொல்லு, மக்ளே. நான் சொல்லச் சொல்ல அப்படியே சொல்லு."

நாங்கள் நாலு பேரும் மரத்தடியில் உட்கார்ந்தோம். சின்னக் கண்ணாடிக் கிளாஸில் கறுப்புச் சாயா வந்தது. நான் சொன்னேன். கல்யாணம் நிச்சயமானது, ரெண்டு ஓலை வாசித்தது, அவள் வேண்டாம் என்றது. கூட்டுக்காரி ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வந்தாள். சாயிப்பும் மதாம்மாவும் முகத்தைச் சுருக்கிக் கேட்டார்கள். "குற்றம் பிள்ளை மேல இல்ல," என்றேன். "அவ ஏன் வேண்டாம்னு சொன்னான்னு நான் பொறுமையா இருந்து கேட்கல்ல. கத்தத்தான் செய்தேன். நீ என் வயித்தில பொறந்தவ இல்லன்னு சொன்னேன். அந்தச் சொல்லு என் தொண்டையில முள்ளா கிடக்கு. ஆறு வருஷமா அவ சாப்பிட்டாச்சான்னு கேக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் கேக்கு. அவ கால்ல விழக்கூட நான் தயாரு. ஆனா வாயில வரல்ல."

கூட்டுக்காரி மொழிபெயர்க்கவில்லை. சாயாக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு, மக்ளே."

"மதி அம்மே," என்றாள். போதும் என்கிறாள். கண் நிறைந்து வழிந்தது. "இது அவர்க்கு வேண்டா. இது அவளோடு பறயணும்." என் மகளிடமே சொல்ல வேண்டியதாம்.

இளகின மனசு என்று நினைத்தேன். நல்ல இடத்தில் நல்ல பிள்ளை. உன் கல்யாணத்துக்கும் நான் வருவேன் என்று அவள் தலையைத் தடவினேன். மதாம்மா கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தாள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

கடைசி நாள் வந்தது. காலையில் என் மகள், "மலை மேல போலாம்," என்றாள். கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற பெட்டி, ஒன்றில் நாலு பேர் உட்காரலாம். எனக்கு ஏறவே பயம். எங்கள் எதிரே பிள்ளைகள் ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கதவு சாத்திப் பெட்டி தரையை விட்டதும் அவள் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது, நான் எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்துத்தான் கூட்டி வந்திருக்கிறாள்.

"அம்மா, நான் கல்யாணம் பண்ணப் போறதில்ல."

"என்னது?"

"இவ கூடத்தான் நான் இருக்கேன். நாலு வருஷமா. இனியும் இவ கூடத்தான் இருப்பேன்."

"இருந்துக்கோ. கூட்டுக்காரி கூட இருக்கப்பிடாதுன்னு யாரு சொன்னா? அதுக்கும் கல்யாணத்துக்கும் என்ன?"

"கூட்டுக்காரி மாதிரி இல்ல அம்மா," என்றாள். நிதானமாக, எனக்கு மருந்துச் சீட்டு விளக்குகிற மாதிரி சொன்னாள். "நீயும் அப்பாவும் மாதிரி. அன்னைக்கு நீ ஏன்னு கேட்டதுக்கு இதுதான் பதில். எனக்கு ஆம்பிளைகிட்ட மனசு போகாது. எப்பவும் போனதில்ல. அப்போ சொல்லத் தைரியம் இல்ல."

கூட்டுக்காரி ஜன்னலோடு ஒட்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகள் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கீழே கடல் எங்கேயோ போயிற்று, மலை எங்கேயோ போயிற்று, பெட்டி ஆடியது. அடிவயிற்றிலிருந்து எனக்குக் கத்தல் எழும்பி வந்தது. சத்தியமாக வந்தது. சபையில் என்ன சொல்வேன், என் தங்கச்சியிடம் என்ன சொல்வேன், எந்த ஓலையில் இதை வாசிப்பார்கள்? வாயைத் திறந்தேன். என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழப்போகிறது என்று தெரிந்த பிள்ளை மூடுவது போல மூடினாள்.

திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்.

"அப்போ அந்தச் சாயிப்பும் மதாம்மாவும் யாரு?"

அவள் கண்ணைத் திறந்தாள். "எந்தச் சாயிப்பு?"

"டாக்டருக்க அப்பன்! முந்திரிக்கொத்து தின்னவங்க!"

"அம்மா, அவங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீதானே அவங்ககூடப் பேசிட்டு இருந்த. உனக்கு ஒரு பொழுதுபோக்கு கிடைச்சுதேன்னு நான் விட்டுட்டேன்."

என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் வேட்டித் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஜெர்மனியில வச்சே தோணிச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

"நீ கேக்கல்ல. பொறவு நீ சம்பந்தம் பேசத் தொடங்கிட்ட."

மேலே போய் இறங்கினோம். குளிர். அவர் எல்லோருக்கும் சாயா வாங்கி வந்தார். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து ஊரைப் பார்த்தேன். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எனக்கு இது சரி என்று படவில்லை. தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. இன்றைக்கும் அதே நிலைதான், எழுதிக்கொண்டிருக்கும்போதே ரெண்டு தடவை அடுப்படிக்கு எழும்பிப் போய்விட்டு வந்தேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த எந்த மனுவிலும் இதற்கு ஒரு கட்டம் போட்டு வைக்கவில்லை.

ஆனால் அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று மாத்திரம் தெளிவாகத் தெரிந்தது. நான் ஒரு கையில் அடித்திருக்கிறேன். நாலாம் நாள் என் தொண்டை முள்ளை எடுத்து யாரிடம் கொடுத்தேனோ, அவளுடைய கை அது. அவள் அதைக் கொண்டுபோய் என் மகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு விட்டு வைத்திருக்கிறாள்.

"மணி என்ன?" என்று கேட்டேன். "பதினொண்ணு," என்றாள் மகள். சாயிப்பும் மதாம்மாவும் மதியம் பன்னிரண்டு மணி பஸ்ஸில் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

"இறங்குங்க. எல்லாரும் இறங்குங்க. சீக்கிரம்!"

கீழே வந்து ஓட்டலுக்குள் ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று கேட்காதீர்கள். அவர்கள் வாசலில் பெட்டிகளோடு நின்றிருந்தார்கள். கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறவளை எங்கள் ஊரில் மனுஷி என்று மதிக்கமாட்டார்கள். மானம் போகிறது என்றால் போகட்டும்.

"பிளீஸ்," என்றேன். "மை பாக்ஸ்."

மதாம்மா புரிந்துகொண்டாள். பாத்திரத்தைக் கேட்கிறேன் என்று நினைத்து, சாயிப்பைப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே இருந்த முந்திரிக்கொத்தை ஒரு காகிதப் பையில் கொட்டிக்கொண்டு காலி டப்பாவை நீட்டினாள்.

"நோ, நோ. இன்சைட். ஸாரி. வெரி ஸாரி. இன்சைட்."

அவள் என்னையே பார்த்தாள். பின்னால் வந்து நின்ற பிள்ளைகள் ரெண்டு பேரையும் பார்த்தாள். ஒரு கேள்வி கேட்காமல் காகிதப் பையைத் திரும்ப டப்பாவுக்குள் கவிழ்த்தாள். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு பஸ் ஏறினாள். அவளுக்கு என்ன விளங்கியது என்று எனக்குத் தெரியாது. பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பல்லுக்குப் பயந்து தின்றிருக்கமாட்டார்கள்.

கூட்டுக்காரி வாசலுக்கு வெளியே கடலைப் பார்த்த மதிலில் போய் உட்கார்ந்துவிட்டிருந்தாள். என் மகள் அவளுக்கும் எனக்கும் நடுவில், எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றாள். முதலில் மகளிடம் போனேன்.

"நீ என் வயித்தில பொறந்தவதான்," என்றேன். "அன்னைக்குச் சொன்னது பொய்."

அவ்வளவுதான் வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். பிறகு மதிலுக்குப் போய் டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

"எடு, மக்ளே."

அந்தப் பிள்ளை டப்பாவைப் பார்த்தது. என் கையைப் பார்த்தது. தன் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அடித்த கைக்கு எல்லாம் நினைவிருக்காது, அடி வாங்கின கைக்கு இருக்கும் போலிருக்கிறது. நானே ஒரு கொத்தை எடுத்தேன். மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை உடைத்து என் வாயில் போட்டுக் கடித்தேன். கல்லாகத்தான் ஆகியிருந்தது, ஆனாலும் கடித்தேன், அவள் பார்க்கும்படி. இன்னொன்றை உடைத்து மகள் கையில் கொடுத்தேன். மிச்சம் ஒன்றை அவளிடம் நீட்டினேன்.

பாறசாலைக்காரிக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்குமோ, என் மகள் சொல்லியிருப்பாளோ, தெரியாது. அதை வாங்கி வாய்க்கருகில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மே, இது வேற ஆளுக்கில்லே?"

"ஆளு நீதாண்டி," என்றேன். "தின்னு."

அவள் கடித்தாள்.